குமிழி இல்லாத மாவு

காலை ஆறரை மணிக்கே மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறையில் நின்றார். எதிரே மேடைமேல் புது வாஃபிள் மெஷின் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மேலே ஒரு தாடை, கீழே ஒரு தாடை, இரண்டிலும் வரிசை வரிசையாகக் கட்டங்கள். பதினேழு வருடமாகப் பல்செட் செய்கிற மனிதருக்கு அது வேறு எப்படித் தெரியும்? ‘இவ்வளவுதானே, நாம பாக்காத அச்சா’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அபூர்வமாகச் சமையலறைக்குள் நுழைகிற ஆண்பிள்ளைகள் எல்லோரும் முதலில் சொல்லிக்கொள்வது இதைத்தான். கடைசியில் என்ன சொல்கிறார்கள் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

அவருக்கு அவசரம் வேறு. பதினோரு மணிக்கு மைத்துனர் காரோடு வருகிறார், மாமனாரை அழைத்துப்போக. இரண்டு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று அல்ல, ஒரேயடியாக.

மாமனார் ஏழு வருடமாக இந்த மூன்றாம் மாடி வீட்டில் இவர்களோடுதான் இருக்கிறார். பஸ் கண்டக்டராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர், வாயே மூலதனம். நாலு மாதத்துக்கு முன்னால் ஈறு கெட்டு, மிச்சமிருந்த பற்களையும் டாக்டர் பிடுங்கிவிட்டார். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். இவருக்குச் சொல்லோடு சாப்பாட்டு மேஜையும் போயிற்று. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். யாராவது பேச்சுக்கொடுத்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வார். மகன் வீட்டு மாடியில் தனி அறை காலியாக இருக்கிறது, அங்கே யார் கண்ணிலும் படாமல் காலத்தை ஓட்டிவிடலாம் என்று போன வாரம் அவராகவே போன் போட்டு ஏற்பாடு செய்துகொண்டார்.

இத்தனைக்கும் அவருக்குப் பல் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை மூன்று வாரம் தான் வேலை பார்க்கிற லேபில் உட்கார்ந்து, தன் வாழ்நாளிலேயே செய்யாத அளவுக்கு அருமையான ஒரு செட்டைச் செய்து கொடுத்திருந்தார். லேப் முதலாளியே அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “சினிமாக்காரன் வாய்ல இருக்கவேண்டியதுய்யா இது” என்றார். மாமனார் அதை ஒரே ஒரு நாள் போட்டார். மறுநாள் தண்ணீர் டம்ளருக்குள் போட்டுவிட்டு, “இடிக்குது மாப்ளே” என்றார். மாப்பிள்ளை அந்த இடத்தைத் தேய்த்து ராவினார். “உறுத்துது” என்றார். மறுபடி ராவினார். ஏழு தடவை ராவியாயிற்று. எட்டாவது தடவை ராவ அதில் ஒன்றுமில்லை. பிறத்தியார் வாய்க்கெல்லாம் பல் வைத்த கைக்குச் சொந்த மாமனார் வாய் மட்டும் பிடிபடவில்லை என்று அவருக்கு உள்ளூர ஒரே அவமானம்.

அவமானத்தையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். மனைவி வியாழக்கிழமை சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். ஞாயிறென்றால் முதல் ஷிஃப்ட். இந்த ஒரு ஞாயிற்றுக்காக இன்னொரு டிரைவரிடம் கெஞ்சி, இரண்டு ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்து லீவு வாங்கியிருந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே, “அப்பா போறதுக்குள்ள ஒரு வேளை எங்கூட உக்காந்து சாப்ட்டாப் போதுங்க. வேற எதுவும் கேக்கல” என்றாள். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவள் வெளியே வர ரொம்ப நேரமாயிற்று.

அன்று ராத்திரியே மாப்பிள்ளை முடிவு செய்துவிட்டார். மாமனார் நாலு மாதமாகப் பகல் முழுக்க டிவியில் சமையல் நிகழ்ச்சிதான் பார்க்கிறார். மெல்ல முடியாதவன் மெல்லுகிறவனைப் பார்ப்பது என்ன சுகமோ, அது அவருக்குத்தான் தெரியும். அதிலும் ஒருத்தி பழங்கள் வைத்து வாஃபிள் செய்த அன்று அவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். “மாப்ளே, ஜன்னல் ரொட்டிங்க! மேல மொறுமொறு, உள்ள பஞ்சு!” என்று துண்டுக்குள்ளிருந்தே கூவினார். அந்த ஜன்னல் ரொட்டியைச் சுட்டு மேஜையில் வைத்தால், ஆசைக்காவது பல்லைப் போட்டுக்கொண்டு வந்து உட்காரமாட்டாரா என்பது மாப்பிள்ளையின் கணக்கு.

மாவு, முட்டை, பால், உருக்கிய வெண்ணெய், சர்க்கரை, பேக்கிங் பவுடர். ஒன்றையும் கண்ணளவாகப் போடவில்லை, எல்லாம் கிராம் சுத்தமாக நிறுத்துக்கொண்டார். பிறகு கலக்க ஆரம்பித்தார். இங்கேதான் விதி விளையாடியது. அவர் கைக்குத் தெரிந்தது பல் அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்குகிற வித்தை ஒன்றுதான். திரவத்தில் பொடியைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தூவ வேண்டும். காற்றுப் புகாமல் ஒரே பக்கமாக வழித்து வழித்துக் கலக்க வேண்டும். ஒரு கட்டி இருக்கக்கூடாது. அப்புறம் கிண்ணத்தை மேடைமேல் வைத்து டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற குமிழியெல்லாம் மேலே வந்து வெடித்துப்போகும். அச்சில் ஒரு குமிழி தங்கிவிட்டால் அந்த இடத்தில் பல்செட்டில் ஒரு மரு முளைக்கும், மரு முளைத்தால் ஈறு புண்ணாகும். ஆகவே பத்து நிமிடம் தட்டினார். மாவு கண்ணாடி மாதிரி பளபளவென்று நின்றது. அவருக்குத் திருப்தி தாங்கவில்லை.

சத்தம் கேட்டு மகள் எழுந்து வந்தாள். வயது ஒன்பது, வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டு, குணமும் அதேதான்.

“என்னப்பா, செவத்துல ஆணி அடிக்கறியா?”

“ஷ்ஷ். அம்மா தூங்கறா. வாஃபிள்.”

முதல் வாஃபிள் வெளியே வந்தது. பார்வைக்குக் குறையே இல்லை. நாலு மூலையும் கூர்மை, ஒவ்வொரு கட்டமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல. வாண்டு அதை எடுத்து மேஜையில் தட்டினாள். டொக்கென்றது.

“அப்பா, இன்னும் ஒரு நூறு சுட்டேன்னா பாத்ரூமுக்குத் தரை போட்டுரலாம்.”

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது மாவுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. இரண்டாவதில் பழத்தை உள்ளேயே போட்டால் ஈரம் கிடைத்து மெத்தென்று ஆகும் என்று எண்ணி, வாழைப்பழ வில்லைகளையும் ஸ்ட்ராபெரியையும் மாவோடு சேர்த்து வைத்து மூடினார். பழச்சாறு ஓரத்தில் வழிந்து கரிந்தது. மெஷினைத் திறக்க முடியவில்லை. பிடித்து இழுத்தபோது மேல் தாடையோடு பாதியும் கீழ்த் தாடையோடு பாதியும் போயிற்று. புகை கிளம்பி, கூரையிலிருந்த புகை அலாரம் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை. தன் போன் அலாரத்தைத் தவிர மற்றச் சத்தமெல்லாம் அவளுக்குப் பயணிகள் போடுகிற கூச்சல்.

மாமனார் அறைக் கதவு திறந்தது.

“என்ன மாப்ளே, நான் கெளம்பறதுக்குள்ள வீட்டக் கொளுத்திப் பாத்துரலாம்னா?” துண்டு வாயை மூடியிருந்தாலும் கண் இரண்டும் மெஷினுக்குத்தான் போயின. நாற்காலிமேல் ஏறி அலாரத்தை நிறுத்திக்கொண்டிருந்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு, நேரே மாவுக் கிண்ணத்துக்குப் போய்க் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்தார். அது எண்ணெய் மாதிரி ஒழுகியது.

“ஐயோ, கொன்னுட்டீங்களே! இதுல ஒரு குமிழிகூட இல்லையே!”

“ஆமா மாமா, எல்லாத்தையும் எடுத்துட்டேன்” என்றார் மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் பெருமை பாக்கியிருந்த குரலில்.

“குமிழிதான்யா வாஃபிளே! கட்டி கட்டியா இருக்கணும் மாவு. அந்தம்மா டிவில எத்தன தடவ சொல்லுது! வெள்ளக்கருவத் தனியா நுரைக்க அடிச்சு, அப்படியே மேலாப்புல தள்ளி விடணும். பழத்த வெந்தப்புறம் மேல வைக்கணும். உள்ள போடறவன் மனுஷனா?”

மனுஷனா என்று மாப்பிள்ளையைக் கேட்டது அவருக்கே உறைத்து, “நான் பொதுவாச் சொன்னேன்” என்றார். வாழ்நாளில் ஒரு முட்டையை உடைத்தறியாத மனிதர், அந்த வேகத்தில் இரண்டு கையும் தேவைப்பட்டதால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முட்டையை எடுத்தார். பொக்கை வாய் வெட்டவெளிச்சமாக இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. மற்ற இருவரும் கவனித்தார்கள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. வாண்டுகூடச் சும்மா இருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கருவை வாண்டு அடித்தாள். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது என்று தாத்தா சொன்னதைப் பரீட்சித்துப் பார்க்க, தன் தலைக்கு மேலேயே கவிழ்த்தாள். விழவில்லை, தாத்தாவின் உயிர்தான் போய் வந்தது. மாப்பிள்ளை புது மாவைக் கலக்கினார். கட்டியைக் கண்டதும் அவர் கை தானாக நசுக்கப் போயிற்று. மாமனார் கரண்டியால் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“விட்டுருங்க மாப்ளே. இருக்கட்டும்.”

“முடியல மாமா. பழக்க தோஷம். எங்க வேலைல ஒரு தப்பு இருந்தா மொத்தமும் வீண்.”

“தெரியுமே. அதனாலதான் எம் பல்லுல ஒரு தப்புக்கூட இல்ல.”

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு கையிலிருந்த கரண்டி அசையாமல் நின்றுவிட்டது. மாப்பிள்ளை அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“மாமா, உண்மையச் சொல்லுங்க. பல்லு இடிக்குதா?”

மாமனார் வாண்டைப் பார்த்தார். “போய்த் திராட்சையக் கழுவிட்டு வா” என்று அவளை அனுப்பிவிட்டுச் சொன்னார்: “இடிக்கல. மொத நாளே இடிக்கல.”

“அப்புறம் ஏழு தடவ...”

“அத விடுங்க. எனக்கு ஒரு தெத்துப்பல் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? எடது பக்கம். நீங்க என்னைப் பாத்த காலத்துல அதுவும் பாதி ஒடைஞ்சு போயிருக்கும். எம் பொண்ணுக்கு இருக்கே, அச்சு அசல் அதே பல்லு. மூக்கு, முழி, நெறம் எல்லாம் அவ அம்மாவக் கொண்டு பொறந்துட்டா. எங்கிட்டருந்து எடுத்துக்கிட்டது அது ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துல கேலி பண்றாங்கன்னு அழுதுகிட்டு வருவா. நான் இப்படி வாயத் தெறந்து காட்டுவேன். சிரிச்சுருவா. நீங்க செஞ்ச பல்ல மாட்டிக்கிட்டு ஹாலுக்கு வந்தேன் பாருங்க, அன்னைக்கு அவ என்னைப் பாத்தா. ஒரே ஒரு நொடிதான். வீட்டுக்கு வந்த விருந்தாளியப் பாக்கற மாதிரி ஒரு பார்வை. அப்புறம் நல்லா இருக்குப்பான்னா. எனக்கு அந்த நொடி போதும். அத மாட்டிக்கிட்டு அவ எதுர உக்காந்தா எவனோ ஒருத்தன் அவ வீட்டுல சாப்பிடற மாதிரி இருக்கு. மாட்டாம உக்காந்தா எனக்கே அருவருப்பா இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா.”

“எப்படிச் சொல்றது? அந்தச் செட்ட எங் கையில குடுத்தப்ப உங்க மொகத்தப் பாத்தேனே மாப்ளே. பரீட்சைல மொத மார்க் வாங்கிட்டு வந்த புள்ள மாதிரி நின்னீங்க. அத ஒடைக்க எனக்கு மனசு வரல.”

மாப்பிள்ளை கலக்குவதை நிறுத்திவிட்டார். இந்தப் பெரியவர் நாலு மாதம் கூழைக் குடித்துக்கொண்டு அறைக்குள் கிடந்தது தன் முகம் வாடக்கூடாது என்பதற்காகவா? எவ்வளவு பிரியம் இருந்தால் ஒரு மனிதன் இப்படி முட்டாளாக இருக்க முடியும்! தானும் சளைத்தவன் இல்லை. அந்தத் தெத்துப்பல்லைப் பார்த்துத்தானே பதினான்கு வருடத்துக்கு முன்னால் அந்த பஸ்காரியிடம் மனதைப் பறிகொடுத்தார்? அதே பல்லை அவள் அப்பன் வாயில் நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு, நல்ல வேலை செய்தேன் என்று மார்தட்டியிருக்கிறார்.

“மணி என்ன?” என்றார்.

“ஏழே முக்கால்.”

“மாவ நீங்க பாத்துக்குங்க. பல்லு இருக்கற டம்ளரக் குடுங்க.”

ராவுவதற்காகக் கொண்டுவந்த கைமோட்டாரும், ஈறு செய்கிற ரோஸ் நிறப் பொடியும் திரவமும் பால்கனி அலமாரியிலேயே இருந்தன. உட்கார்ந்து, மேல் செட்டின் இடப்பக்கக் கோரைப்பல்லை வேரோடு அறுத்தெடுத்தார். எடுத்த பல்லைத் திருப்பி வைக்கப் போனார். இத்தனை வருடம் கோணலை நேராக்கிய கை, நேரானதைக் கோணலாக வை என்றால் எப்படிக் கேட்கும்? எவ்வளவு திருப்ப வேண்டும், எவ்வளவு வெளியே தள்ள வேண்டும்? தினமும் பார்க்கிற பல்தான், ஆனால் அளவு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் பூனை போல் நுழைந்தார்.

அவள் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முட்டி போட்டு அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். பக்கத்துப் பல்லின் தோளில் கொஞ்சம் ஏறி, நுனியை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு, வரிசையில் நிற்க மாட்டேன் என்று நின்றது அது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, கண்ணாலேயே அளந்தார். எவ்வளவு அழகான பல்! கல்யாணத்துக்குப் பிறகு இதை இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். “என்ன பண்றீங்க? என் பல்ல எண்ணறீங்களா?”

“ஒண்ணுமில்ல. தூங்கு.”

“தீயற வாசன வருது.”

“பக்கத்து வீட்ல” என்றார் அந்த உத்தமர்.

திரும்பி வந்து பல்லை மெழுகில் நிறுத்தி, பொடியையும் திரவத்தையும் குழைத்து ஊற்றி, வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தார். திரவத்தின் காட்டமான நெடியும் சமையலறையிலிருந்து வந்த வெண்ணெய் வாசமும் ஒன்றாகக் கலந்து வீட்டைச் சுற்றின. கால் மணி கழித்து எடுத்து, ஓரத்தை இழைத்து, பாலிஷ் போட்டு, மாமனாரிடம் நீட்டினார். இந்தத் தடவை அவர் முகத்தில் பெருமையைக் காணோம், பயம்தான் இருந்தது.

“இன்னைக்கு மெதுவாக் கடிங்க மாமா. நாளைக்கு லேப்ல வெச்சு உறுதி பண்ணித் தர்றேன்.”

மாமனார் அதைப் போட்டுக்கொண்டு வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்றார். துண்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு, நேரே போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கு அவள் தலையை அள்ளி முடிந்துகொண்டே வந்தாள். மேஜையில் நாலு தட்டு. பொன்னிறமாக உப்பிய வாஃபிள்கள், மேலே வாழைப்பழம், ஸ்ட்ராபெரி, பாதியாக நறுக்கிய திராட்சை, வழிகிற தேன். ஜன்னல் பக்க நாற்காலியில் அப்பா. அவள் அப்படியே நின்றாள். ஏதாவது பேசினால் அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தவள்போல, சத்தம் வராமல் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“நான்தாம்மா நுரை அடிச்சேன்” என்றாள் வாண்டு.

“சாப்பிடும்மா, ஆறிடும்” என்றார் மாமனார். துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஒரு துண்டு வாஃபிளை வெட்டி வாயில் வைத்துக் கடித்தார். மொறுக்கென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மென்றார். விழுங்கினார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்தார்.

மாப்பிள்ளை தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருக்குப் பல் செய்து கொடுத்திருக்கிறார், ஒருநாளும் எதிரே இருக்கிற முகத்தைப் பார்க்க இப்படித் தயங்கியதில்லை. தாங்க முடியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்த பெண் பார்ப்பாளே, அந்தப் பார்வை. “அப்பா” என்றாள். உதடு கோணிக்கொண்டு போக, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமனார் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“கைய எடும்மா. இந்த வீட்டுல நாலு மாசம் ஒருத்தன் வாயப் பொத்திக்கிட்டது போதும்.”

அவள் வாயைத் திறந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்தபோது மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பல் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பி, “இதுக்குத்தான் காலங்காத்தால என் வாய்க்குள்ள எட்டிப் பாத்தீங்களா?” என்றாள். மாப்பிள்ளை அவள் தட்டில் இன்னொரு ஸ்ட்ராபெரியை வைத்தார்.

“எனக்கு இன்னொண்ணு” என்றார் மாமனார்.

“மாவு காலி தாத்தா. ரெண்டு தடவ கலக்குனதுல முட்டையும் காலி” என்றாள் வாண்டு.

அப்போது மாமனாரின் போன் அடித்தது. மகன். கிளம்பிவிட்டதாகவும், சாமான்களை எடுத்து வாசலில் வைக்கும்படியும் அவன் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. அவள் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. மாமனார் போனை வாயருகே கொண்டுபோனார். துண்டைத் தேடவில்லை.

“கூட்டிட்டுப் போறதுக்குன்னு வராதடா, சாப்பிட வா. வர்ற வழில ரெண்டு டஜன் முட்டை வாங்கிக்க.”